எந்தப் பாண்டி?

"சித்தப்பா, இந்தக் கடைங்க எல்லாம் பாண்டிச்சேரிக்காரங்களுதா?"

கேட்டவள் பத்தாம் வகுப்பு படிக்கும் பெண். கேட்ட இடம் தியாகராய நகர்ப் பாண்டி பஜார். கேட்கப்பட்டவர் நாம். பக்கத்தில் நின்ற அவளுடைய தந்தையார் சேலத்தை அடுத்த இளம்பிள்ளையில் தறி ஓட்டுபவர். முப்பது ஆண்டுகளாகக் கிளைக் கழகத்தில் கொடி கட்டியும் சுவரொட்டி ஒட்டியும் காய்த்துப்போன கைகளுக்குச் சொந்தக்காரர். மகளை அதட்டுவார் என்று எண்ணினோம். அவரோ நம் முகத்தைப் பார்த்து, "எனக்கும் அதே சந்தேகந்தானுங்க தம்பி. கேக்கறதுக்குக் கூச்சமா இருந்துது" என்றார்.

சிரிக்கத் தோன்றவில்லை, தோழர்களே. நெஞ்சிலே சுருக்கென்றது. மாநாட்டு மேடைகளில் மணிக்கணக்கில் முழங்குகிறோம். நீதிக்கட்சி என்கிறோம், நூற்றாண்டு என்கிறோம், மலர் வெளியிடுகிறோம். ஆனால், கழகத்துக்குத் தோள் கொடுத்த ஒரு தறிக்காரர், நம் முன்னோடியின் பெயர் தாங்கிய வீதியில் நின்றுகொண்டு, அது எந்தப் பாண்டி என்று அறியாமல் இருக்கிறார். குற்றம் அவருடையதா? இல்லை. தலைநகரிலே உட்கார்ந்துகொண்டு எழுதுகோல் பிடிக்கும் நம்முடையது.

நாம் அவர்கள் ஊருக்குப் போகும்போது நடப்பதை எண்ணிப் பாருங்கள். சேலம், இளம்பிள்ளை, சங்ககிரி, குமாரபாளையம், பள்ளிபாளையம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் போய் வந்திருக்கிறோம். கடலைக் கண்ணால் காணாத உள்நாட்டு ஊர்கள். தறிச் சத்தமே அலையோசை. பேச்சாளர் பேருந்தை விட்டு இறங்கியதும் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, தோழர்கள் ஊரைக் காட்டத் தொடங்குவார்கள். "1944 ஆகஸ்டு 27இல் நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனது எங்கள் சேலத்தில்தான்" என்பார்கள். சர் பட்டமும் ராவ்பகதூர் பட்டமும் சாதி வாலும் இனி வேண்டாம் என்று அண்ணாவின் பெயரால் அமைந்த தீர்மானம் நிறைவேறிய கதையை நேற்று நடந்ததுபோல் சொல்வார்கள். பள்ளிபாளையத்துத் தோழரோ, "பாலத்தைத் தாண்டினால் ஈரோடு" என்று நம்மை வண்டியில் ஏற்றிக்கொண்டு காவிரியைக் கடந்து, பெரியார் இல்லத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத்தான் சோறு போடுவார். அவர்கள் ஊர் அவர்களுக்கு மனப்பாடம்.

அவர்கள் சென்னைக்கு வந்தால் நாம் எதைக் காட்டுகிறோம்? கடற்கரை, நினைவிடங்கள், பிறகு துணிக்கடை. பெட்டி கட்டி வழியனுப்பிவிடுகிறோம்.

இம்முறை அவர்கள் வந்தது சுற்றிப் பார்க்க அன்று. அண்ணியாருக்கு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் மறுபரிசோதனை. ஏற்காடு விரைவு வண்டியில் விடியற்காலை வந்து இறங்கினார்கள். மருத்துவர் பார்க்கும் நேரம் வரும் வரையில் மயிலையைப் பார்க்கலாம் என்று முதலில் அங்கே அழைத்துச் சென்றோம்.

கபாலீசுவரர் கோயிலின் குளக்கரையில் நின்றோம். பக்தி செய்யப் போகவில்லை. தோழரும் அந்தப் பழக்கம் உள்ளவர் அல்லர். ஆனால் அண்ணியார் ஒரு கும்பிடு போட்டார். போடட்டும், அதில் நமக்கு வழக்கில்லை. மயிலாப்பூர் என்றால் ஒரு காலத்தில் கோயில் மட்டுமா நினைவுக்கு வரும்? உயர்நீதிமன்றமும் சட்டசபையும் பல்கலைக்கழகமும் தங்கள் வீட்டுத் திண்ணையின் நீட்சி என்று எண்ணியிருந்த ஒரு வழக்கறிஞர் வட்டாரத்தின் பெயர் அது. அந்த மயிலையிலேயே, கோயில் சொத்துக்குக் கணக்குக் காட்டு என்று கேட்கும் துணிவு பனகல் அரசருக்கு இருந்தது. 1922இல் அவர் அமைச்சரவை கொண்டுவந்த இந்து சமய அறநிலைய மசோதா எத்தனையோ எதிர்ப்பைத் தாண்டி 1925இல் சட்டமாயிற்று. அதற்குப் பின் 1970இல் கலைஞர் ஆட்சியில் பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கும் சட்டம். அதற்குப் பின்னும் அரை நூற்றாண்டு வழக்கு மன்றப் படிக்கட்டுகள். 2021 ஆகஸ்டு 14 அன்று, இதே கபாலீசுவரர் கோயிலுக்குரிய திருமண மண்டபத்தில், பயிற்சி பெற்ற பல சாதி அர்ச்சகர்களின் கைகளில் பணி ஆணை. இதைச் சொன்னதும் தோழர் குளத்தையும் கோபுரத்தையும் மறுபடி ஒருமுறை பார்த்தார். "இது கோயில் விசயம்னு நெனச்சேன். நம்ம விசயமா இருக்குதே" என்றார்.

அடையாற்றில் பேச்சுக் குறைந்துபோயிற்று. மருத்துவமனைக் கூடத்தில் அமர்ந்திருந்தோம். வரிசையில் திருவண்ணாமலைப் பேச்சு, தருமபுரிப் பேச்சு, கொங்குப் பேச்சு எல்லாம் காதில் விழுந்தன. சென்னையைச் சுற்றிப் பார்க்கும் கையேடுகள் அடையாற்றில் ஆலமரத்தைக் காட்டும். அந்த ஆலமரத்துப் பிரம்மஞான சபையிலிருந்து 1916இல் அன்னிபெசண்டு அம்மையார் தன்னாட்சி முழக்கம் எழுப்பியபோது, யாருக்கு ஆட்சி என்று திருப்பிக் கேட்டவர் டாக்டர் டி.எம். நாயர். அது ஒரு வரலாறு. ஆனால் வெளியூர் ஏழை மக்களுக்குத் தெரிந்த அடையாறு இந்தக் கூடந்தான். இதை எழுப்பியவர் டாக்டர் முத்துலட்சுமி அம்மையார். உடன்பிறந்த தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1927இல் சென்னைச் சட்டசபைக்குள் நுழைந்த முதல் பெண்; தேவதாசி முறையை ஒழிக்க வேண்டும் என்று அங்கே குரல் கொடுத்தவர். 1954இல் இந்த மருத்துவமனை நோயாளிகளுக்குக் கதவு திறந்தது. ஏழைத் தாய்மார்களுக்கு அரசு தரும் மகப்பேறு உதவித்தொகை அவர் பெயரால் வழங்குகிறது. அந்தத் தொகையை அண்ணியாரும் ஒரு காலத்தில் வாங்கியவர்தான். கையெழுத்துப் போட்ட படிவத்தில் இருந்த பெயர் இந்தக் கட்டிடத்தைக் கட்டியவருடையது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்.

1969 பிப்ரவரி 3 அன்று அண்ணா கண்மூடியதும் இங்கேதான். அதைச் சொல்லவில்லை. சிகிச்சைக்கு வந்த இடத்தில் சொல்லத்தக்க செய்தியா அது? தோழருக்குத் தெரிந்திருந்தது. வெளியே வந்ததும் வாசலில் ஒரு கணம் நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். நாமும் ஒன்றும் பேசவில்லை.

மருத்துவர் நல்ல செய்தி சொன்னார். அடுத்த ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்றார். அந்த மகிழ்ச்சியில்தான் மகள் கேட்டாள், "தி.நகருக்குப் போலாமா?"

இனி, பாண்டிக்கு வருவோம்.

பாண்டி பஜாரின் பாண்டி புதுச்சேரி அன்று. ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார். ஊர் பட்டிவீரன்பட்டி, வத்தலக்குண்டுப் பக்கம், இளம்பிள்ளையைப் போலவே உள்நாட்டுச் சிற்றூர். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டின் தலைவர். பெயருக்குப் பின்னால் தொங்கிய சாதிப் பட்டத்தை வெட்டி எறிந்தவர். இராமநாதபுரம் ஜில்லா போர்டுக்குத் தலைவராக இருந்தபோது அவர் செய்த ஒரு காரியத்தை நாம் அந்த நடைபாதையிலேயே நின்று அந்தப் பெண்ணுக்குச் சொன்னோம். அந்த நாளில் பேருந்துகளில் தாழ்த்தப்பட்டவர்களை ஏற்றமாட்டார்கள். காசு கொடுத்தாலும் மாட்டார்கள். வண்டி பெட்ரோலில் ஓடுகிறது; மூளை மனுவில் ஓடுகிறது! சௌந்தரபாண்டியனார் என்ன செய்தார்? சொற்பொழிவு ஆற்றவில்லை. ஏற்ற மறுக்கும் வண்டிக்கு உரிமம் இல்லை என்றார். முதலாளிகளுக்கு மனம் மாறியதோ இல்லையோ, கதவு திறந்தது. தாழ்த்தப்பட்டவர் ஏறி இருக்கையில் அமர்ந்தார்.

"வெறும் உக்கார்றதுக்கா இவ்வளவு சண்டை?" என்றாள் பெண்.

ஆம் மகளே, உட்காருவதற்குத்தான். இந்த நாட்டில் பாதிச் சண்டை யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும் என்பதுதான்.

தியாகராய நகரின் கதையே அப்படிப்பட்டது. வரைபடத்தை விரித்துப் பாருங்கள். ஊருக்குப் பெயர் தந்தவர் பிட்டி தியாகராயர். பகவதர் என்றும் இசைவாணர் என்றும் எண்ணிக்கொண்டு இருப்பவர்கள் இன்றும் உண்டு. நெசவுக் குடியில் பிறந்தவர், தறிக்காரரே, உங்கள் இனத்தார்! 1916 நவம்பர் 20இல் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் கண்ட மூவரில் ஒருவர். 1920 தேர்தலில் வென்றபின் ஆளுநர் அழைத்தும் முதலமைச்சர் நாற்காலி வேண்டாம் என்றவர். அதே ஆண்டில், மாநகராட்சித் தலைவராக, ஆயிரம் விளக்குப் பள்ளியில் படிக்க வந்த ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட வழி செய்தவர். 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தின் கொள்ளுப்பாட்டி அந்த ஆயிரம் விளக்கு உணவுதான். பனகல் பூங்காவைச் சொல்லிவிட்டோம். நடேசன் பூங்கா, வெளியூர் மாணவர்களுக்குச் சென்னையில் தங்க இடமும் உண்ணச் சோறும் கிடைக்காத காலத்தில் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் நடத்திய டாக்டர் நடேசனார். டாக்டர் நாயர் சாலை, நம் வழக்கைச் சொல்ல இலண்டனுக்குப் போய், சாட்சியம் சொல்லுமுன்னே 1919 ஜூலையில் அங்கேயே மாண்டுபோன மாவீரர். உஸ்மான் சாலை, 1934இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக அமர்ந்த முதல் இந்தியர். தணிகாசலம் சாலை நீதிக்கட்சித் தணிகாசலனார். அந்தச் சாலையில் இந்திப் பிரச்சார சபை இருப்பதை வரலாற்றின் குறும்பு என்று விட்டுவிடுவோம்.

ஈரோட்டுக் கிழவர், மூத்திரச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போன 94 வயதில், தம் கடைசிப் பேச்சைப் பேசியதும் இந்தத் தியாகராய நகரில்தான். 1973 டிசம்பர் 19. ஐந்தாம் நாள் மறைந்தார். அன்று அவர் பேசியதும் இழிவு நீக்கத்தைப் பற்றித்தான். காலையில் மயிலைக் குளக்கரையில் பார்த்தோமே, அந்த வேலை முடியாமல் போகிறதே என்ற ஆற்றாமையோடு.

போற்றுவதோடு நிறுத்தினால் அது பஜனை ஆகிவிடும். குறையையும் சொல்வோம். நீதிக்கட்சியில் ஜமீன்களும் சீமான்களும் நிறைந்திருந்தார்கள். 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் இரண்டாகப் பிளந்து ஆதிதிராவிடர் சேரி எரிந்த நாளில், கட்சி நடந்துகொண்ட முறை கசந்து, எம்.சி. இராசா 1923இல் வெளியேறினார். அந்தக் கணக்கு இன்னும் முழுதாகத் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அதே சட்டசபையில் 1924இல் கோவை வீரையன் எழுந்து, பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் பொது என்று தீர்மானம் கொண்டுவர முடிந்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

இன்னொரு குறை தண்ணீரைப் பற்றியது. இந்த நகர் எழுந்தது ஏரியின் மேல். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த மயிலை ஏரியை 1923 வாக்கில் வடித்து மனை போட்டார்கள். மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ சாலை இருக்கிறது. லேக்கும் இல்லை, வியூவும் இல்லை. எஞ்சிய நுங்கம்பாக்கத்துத் துண்டிலே நம் ஆட்சியில்தான் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. அதைக் கல் கல்லாகக் கட்டிய கலைஞருக்கு 1976 ஏப்ரல் திறப்பு விழாவில் இடமில்லை. ஆட்சியைக் கலைத்தது நெருக்கடிநிலை. கோட்டத்தைப் பார்த்து மார் தட்டும் நமக்கு, ஏரியை நினைத்தால் தலை கவிழத்தான் வேண்டும். 2015லும் 2021லும் தண்ணீர் தன் பழைய முகவரியைத் தேடிக்கொண்டு வந்தபோது தியாகராய நகர்த் தெருக்களில் முழங்கால் அளவு நின்றது. வழக்கு மன்றத்துக்குப் போகாமலே சொத்தை மீட்கத் தெரிந்தது தண்ணீர் ஒன்றுதான்.

இப்போது சொல்லுங்கள். இவ்வளவும் அடங்கிய ஊரை "டி.நகர்" என்று சுருட்டி, துணிப்பையில் அச்சடித்துக் கொடுத்துவிட்டால் போதுமா? 2019இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை போட்டார்கள். 2023 மே மாதம் மாம்பலம் தொடர்வண்டி நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் வரை ஆகாய நடைபாதை திறந்தார்கள். நல்லது. நடக்க வழி செய்தாயிற்று. நடக்கிறவனுக்கு யாருடைய வீதியில் நடக்கிறோம் என்று தெரிய வழி செய்ய வேண்டாமா? பனகல் பூங்காவில் தொடங்கி நடேசன் பூங்கா வரை, சாலைக்கு ஒரு கல். முழுப் பெயர், பிறந்த ஊர், செய்த வேலை. மூன்று வரி. மாநகராட்சிக்கு இது பெருஞ்செலவா? மாமன்ற உறுப்பினர்கள் ஒரு தீர்மானம் போட எத்தனை நாள் ஆகும்? அதுவரை நம் பகுதிக் கழகத் தோழர்கள் ஞாயிறுதோறும் ஒருவர் பனகல் பூங்கா வாயிலில் நின்று, வெளியூரிலிருந்து வரும் தோழர்களுக்கு வழிகாட்டலாமே. சேலத்தாரும் ஈரோட்டாரும் நமக்குச் செய்கிறதைத்தானே கேட்கிறோம்.

அந்தப் பேச்சோடு பேச்சாக ஒரு துணிக்கடைக்குள் நுழைந்தோம். கடையின் பெயர் வேண்டாம். எல்லாக் கடையும் ஏறக்குறைய ஒரே கடைதான். அண்ணியார் களைத்திருந்தார். வாடிக்கையாளருக்கு நாற்காலி உடனே வந்தது. சேலை எடுத்துப் போட்ட பெண்ணுக்கு இருபது வயதிருக்கும். தென்காசிப் பக்கத்துப் பேச்சு. ஒரு காலை மாற்றி மறுகாலில் நின்றுகொண்டிருந்தாள். தோழர் ஒரு சேலையைத் தடவிப் பார்த்தார். விளிம்பைத் திருப்பினார். "இது எங்கூர்ச் சேலைங்க" என்றார் மெல்ல. தம் ஊரில் நெய்த சேலையைத் தம் பெண்ணுக்கு வாங்க இருநூறு கல் தாண்டி வந்திருக்கிறார் மனிதர்! விலைச்சீட்டைப் பார்த்து அவர் முகம் போன போக்கை எழுதத் தொடங்கினால் அது தனிக் கட்டுரை ஆகிவிடும்.

அண்ணியார் அந்தப் பெண்ணைப் பார்த்து, "நீயும் செத்த உக்காரு கண்ணு" என்றார்.

"கூடாதும்மா. கேமரா இருக்கு."

தோழர்களே, 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றத்தில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்துக்குத் திருத்தம் வந்தது நினைவிருக்கிறதா? 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் 22-அ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. கடையில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் இருக்கை வேண்டும். வேலைக்கு இடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார உரிமை வேண்டும். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைப் பெண்கள் போராடிக் கேரளத்தில் 2018இல் பெற்ற உரிமை, மூன்றே ஆண்டில் நமக்கும் வந்தது. இரங்கநாதன் தெருக் கடைப் பிள்ளைகள் நிற்கும் நிலையை 2010இலேயே 'அங்காடித் தெரு' படம் திரையில் காட்டியது. ஊரே கண்ணீர் விட்டது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அதே தெருவுக்குப் போய்த் துணி வாங்கியது. சட்டம் செய்தது நம் அரசு. பெருமைதான். ஆனால் சட்டம் கோட்டையில் உட்கார்ந்திருக்க, அந்தப் பெண் கடையில் நிற்கிறாள்.

மேற்பார்வையாளரை அழைத்துக் கேட்டோம். பணிவாகத்தான் பதில் சொன்னார். "இருக்கை இருக்குங்களே சார், பாருங்க" என்று கை நீட்டினார். இருந்தது. மேசைக்குப் பின்னால் முக்காலி ஒன்று. அதன் மேல் இடுப்பு உயரத்துக்குச் சேலைப் பெட்டிகள்.

ஆய்வாளர்கள் வந்தால் எண்ணுவது முக்காலியையா, முக்காலியில் அமர்ந்தவரையா? தொழிலாளர் துறை இதற்குப் பதில் சொல்ல வேண்டும். நம் தொழிற்சங்கத் தோழர்களும் சொல்ல வேண்டும். ஆலை வாயிலில் கொடி ஏற்றத் தெரிந்த நமக்கு, ஐந்து மாடித் துணிக்கடை வாயில் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாமலா போயிற்று? சௌந்தரபாண்டியனார் வண்டி முதலாளியிடம், இருக்கை இருக்கிறதா என்று கேட்கவில்லை. ஏற்றுகிறாயா, உரிமத்தைத் தருகிறாயா என்று கேட்டார்.

நாம் மேற்பார்வையாளரோடு பேசிக்கொண்டிருந்தபோது அண்ணியார் எழுந்தார். மேசையைச் சுற்றிப் போனார். நோயிலிருந்து எழுந்த உடம்பு. "வேண்டாம்மா" என்று அந்தப் பெண் பதறினாள். ஒவ்வொன்றாக ஏழு பெட்டிகளை இறக்கித் தரையில் வைத்தார். முந்தானையால் முக்காலியைத் துடைத்தார். மகள் ஓடிப்போய் எட்டாவது பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

அந்தப் பெண் கூரையில் இருந்த கருவியை ஒருமுறை பார்த்தாள். பிறகு முக்காலியின் ஓரத்தில், பேருந்தில் மூன்றாவது ஆளாக ஒண்டிக்கொள்வதுபோல், அமர்ந்தாள். தோழர் பணம் கட்டிவிட்டுத் திரும்பும் வரைதான். இரண்டு நிமிடம் இருக்கும்.